சங்கிலி கழன்ற கதை



2010ஆம் ஆண்டு யூலை மாதம் 19ஆந் திகதி, பிரான்சின் பிரனீஸ் மலைத்தொடரிலே, தூர் டி பிரான்ஸ் என்னும் சைக்கிளோட்டப் பந்தய வீரர்கள் செங்குத்தான கணவாய் ஒன்றில் ஏறிக்கொண்டிருந்தனர். முதலிடத்திற்குரிய மஞ்சட் சட்டையை அணிந்திருந்தவர் லக்சம்பேர்க்கைச் சேர்ந்த அன்டி ஷ்லெக். ஸ்பானியரான அல்பேர்டோ கொன்டடோர் அவருக்கு 31 செக்கன்களே பின்னால் இருந்தார். ஷ்லெக் முழு வலிமையோடு மிதித்து முன்னே பாய்ந்த வேளையில் அவரது சங்கிலி கழன்றது. அன்று அவர் இழந்த நேரம் 39 செக்கன்கள். பந்தயம் பாரிசில் முடிவுற்றபோது கொன்டடோர் அவரை வென்றதும் அதே 39 செக்கன்களாலேயே. 2012இல் ஊக்கமருந்து வழக்கின் தீர்ப்பினாற் கொன்டடோரின் பட்டம் பறிக்கப்பட்டு ஷ்லெக்கிற்கு அளிக்கப்பட்டது. எனினும் பாரிஸ் மேடையின் முதற்படியில் நிற்கும் பேறு அவருக்குத் திரும்பி வரவில்லை.

ஒரே பற்சில்லிற் சுற்றும் சங்கிலி, தளராது இருக்கும்வரை எளிதிற் கழல்வதில்லை. மலையேறவும் வேண்டும், சமதரையில் விரையவும் வேண்டும் என்று மனிதன் விரும்பியபோதே இத்தொல்லை பிறந்தது. பிரான்சில் சென் எத்தியென் நகரில் வாழ்ந்து, சைக்கிளோட்டிகளுக்கென இதழ் நடத்திய போல் டி விவி என்பார், மிதிகட்டைகளின் அருகே சிறிதும் பெரிதுமாக இரு பற்சில்லுகளைப் பொருத்திப் பார்த்தார். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் சங்கிலியைக் கையினால் எடுத்து மாட்டவேண்டியிருந்தது. அவ்வேலையைச் செய்யும் மாற்றிகள் பின்னர் தோன்றின. ஆயினும் தூர் டி பிரான்ஸை நிறுவிய ஆன்றி டெகிராஞ்ச், வெற்றி உடல்வலிமைக்கே உரியது என்று கருதியவர். ஆதலால் 1937ஆம் ஆண்டு வரை அப்பந்தயத்தில் வீரர்கள் மாற்றிகளின்றியே ஓடினர். மலையடிவாரத்தில் இறங்கிப் பின்சில்லைக் கழற்றித் திருப்பி மாட்டினர். தடை நீங்கிய அவ்வாண்டில் வெற்றி பெற்றவர் ரொஜே லாப்பெபி.

பின்புறத்து மாற்றியைவிட முன்புறத்து மாற்றியே சங்கிலியை அதிகம் கழற்றுவது ஏன்? பின்மாற்றி, தளர்ந்து திரும்பிவரும் கீழ்ச்சங்கிலியைத் தொடுகின்றது. முன்மாற்றியோ, கால்களின் முழு விசையையும் தாங்கி விறைத்து நிற்கும் மேற்சங்கிலியை இரு தகடுகளால் தள்ளவேண்டியிருக்கிறது. பெரிய சில்லிலிருந்து சிறியதற்கு இறங்கும் சங்கிலி விரைவாக விழுகின்றது. தடுப்பாரில்லையெனில் சிறிய சில்லையும் தாண்டிச் சட்டகத்தின் பக்கம் வீழ்ந்துவிடுகின்றது.

இதனைத் தடுக்க முதலில் மாற்றியைச் சீர்செய்தல் வேண்டும். மாற்றியின் வெளித்தகடு பெரிய சில்லின் பற்களுக்கு மேலே 1 முதல் 3 மில்லிமீற்றர் உயரத்தில், சில்லுக்கு இணையாக நிற்கவேண்டும். முன்னே சிறிய சில்லிலும் பின்னே மிகப் பெரிய சில்லிலும் சங்கிலி ஓடும்போது, உட்தகட்டுக்கும் சங்கிலிக்கும் இடையே ஒரு மில்லிமீற்றரிலும் குறைந்த இடைவெளி இருக்குமாறு எல்லைத் திருகாணியை முறுக்கவேண்டும். உட்புறம் விழும் சங்கிலியை ஏந்திக்கொள்ளும் சிறு தடுப்பொன்றைச் சட்டகத்திற் பொருத்துவோரும் உளர்.

அடுத்தது ஓட்டுபவரின் பழக்கம். ஏற்றம் தொடங்குமுன்பே மாற்றுக. அப்போது பின்சங்கிலி நடுச்சில்லுகளில் இருக்கட்டும். மாற்றும் கணத்திற் கால்கள் சுழன்றுகொண்டே இருக்கட்டும்; ஆனால் அழுத்தத்தை அரைச்சுற்றளவு தளர்த்துக.

2012ஆம் ஆண்டளவில், ஒடுங்கியும் அகன்றும் மாறிமாறி அமைந்த பற்களையுடைய ஒற்றை முன்சில்லு மலைச்சைக்கிள்களுக்கு வந்து, முன்மாற்றியையே வேண்டாததாக்கியது. ஆயினும் இரு முன்சில்லுகளோடு ஓடும் சைக்கிள்கள் இன்றும் ஏராளம். அவற்றை ஓட்டுவோருக்கு, அவசரமான வேளையிலேயே அரைச்சுற்று நேரம் வலிமையை அடக்கிக்கொள்ளும் பொறுமை வேண்டும். அந்த அரைச்சுற்றை மிச்சம்பிடிக்க முயல்பவர், முழு ஏற்றத்தையும் இழக்கக்கூடும்.