ஆடையற்ற உருவரைவும் அருவ ஓவியமும்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவில் அருவ ஓவியம் மேலோங்கியபோது, மனித உருவத்தை வரைதல் பின்னடைவாகவே கருதப்பட்டது. எனினும் கலிபோர்னியாவில் அருவ ஓவியராக விளங்கிய டேவிட் பார்க், 1949ஆம் ஆண்டளவில் தம் அருவப் படைப்புகள் பலவற்றைக் குப்பைமேட்டில் எறிந்துவிட்டு உருவ ஓவியத்துக்குத் திரும்பினார். 1950களில் எல்மர் பிஷோஃப், ரிச்சர்ட் டீபன்கார்ன் ஆகியோரும் அவருடன் கூடி, ஆடையற்ற மாடல்களைப் பார்த்து வரைந்தனர். அவ்வுடல்கள் கதை கூறுவன அல்ல. தாளின் வெளியைப் பகுக்கும் வடிவங்களாகும். 1967இல் டீபன்கார்ன் மீண்டும் அருவ ஓவியத்தை மேற்கொண்டமை, உருவமும் அருவமும் தம்முள் பகையல்ல என்பதை உணர்த்தும்.

இவ்வரைவுகளைத் தமிழில் குறிக்குங்கால், 'அம்மணம்' என்பது நாணத்தை முன்னிறுத்தும்; 'நிர்வாணம்' பௌத்தரின் வீடுபேற்றையும் சுட்டும். 'ஆடையற்ற உருவரைவு' என்னும் தொடரோ ஆடையின்மையை அடையாக்கி, வரைதலைத் தலைமைச் சொல்லாகக் கொள்கிறது. ஆதலின் அதுவே பொருந்தும்.