நொறுக்கும் முன் சலிக்க வேண்டும்: நிலக்கரி கையாளும் நிலையங்களின் மேம்பாடு குறித்து ஒரு வாதம்

சத்தீஸ்கர் மாநிலம் கோர்பா மாவட்டத்தின் தீப்கா திறந்தவெளிச் சுரங்கத்தில் 2024 பிப்ரவரியில் புதிய நிலக்கரி கையாளும் நிலையம் தொடங்கி வைக்கப்பட்டது. ஆண்டுக்கு 2.5 கோடி டன் திறன், 20,000 டன் கொள்ளும் பங்கர், 2.1 கிலோமீட்டர் கன்வேயர் பெல்ட் என்று அதன் அளவுகள் பிரமிக்க வைப்பவை. கோல் இந்தியாவின் துணை நிறுவனங்கள் பலவும் இதே வழியில் செல்கின்றன. குழிமுகத்திலிருந்து ரயில் வேகன் வரை டிப்பர் லாரிகளை ஒழித்து, பெல்ட்டிலும் சைலோ எனும் உயர்ந்த சேமிப்புக் கலனிலும் கரியை நகர்த்துவதே நோக்கம்.

இதனால் விளையும் நன்மையை மறுப்பதற்கில்லை. ஏறத்தாழ 4,000 டன் கொள்ளும் ஒரு ரேக்கை, அதாவது ஒரு முழுச் சரக்கு ரயிலை, லோடர் வண்டிகளால் நிரப்பப் பல மணி நேரம் பிடிக்கும். சைலோவின் அடியில் அது சுமார் ஒரு மணி நேர வேலை. ஒவ்வொரு வேகனுக்கும் எடை பார்த்தே கரி இறங்குவதால் கூடுதல் சுமைக்கான அபராதமும், குறைந்த சுமைக்கு முழுக் கட்டணம் கட்டும் இழப்பும் குறைகின்றன. சாலையோரக் கிராமங்கள் தூசியிலிருந்து ஓரளவு தப்புகின்றன. ஆனால் இவை அனைத்தும் எவ்வளவு விரைவாக ஏற்றுகிறோம் என்பதைப் பற்றியவை. எதை ஏற்றுகிறோம் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

வெடிவைத்துத் தோண்டிய கரி பெரும்பாறைகளாகவும் பொடியாகவும் கலந்தே வருகிறது. அதோடு கரிப்படுகைகளுக்கு நடுவே ஓடும் களிப்பாறையும், மேல்கூரையின் மணற்கல்லும் சேர்ந்துகொள்கின்றன. மின் நிலையங்களுக்கு 100 மில்லிமீட்டருக்கு உட்பட்ட கரியையே தர வேண்டும் என்பதால் எல்லாமே நேராக நொறுக்கும் இயந்திரமான கிரஷருக்குள் போகின்றன. உள்ளே போகும் வரை கல் கண்ணுக்குத் தெரியும் கல். வெளியே வரும்போது அதுவும் கரித்துண்டுகளின் அளவில், கரித்தூள் பூசி, அடையாளம் அழிந்து வருகிறது. அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டால் நீரில் கழுவினாலன்றி அதைப் பிரிப்பது மிகக் கடினம்.

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் கல்லைப் பிரிக்கும் இந்த வேலையை ஒரு காலத்தில் சிறுவர்களின் விரல்கள் செய்தன. சவுத் பிட்ஸ்டனில் இருந்த யூவன் நிலக்கரி நிலையத்தில், கரி சரியும் தொட்டிகளின் மீது குனிந்தமர்ந்து கல் பொறுக்கும் சிறுவர்களை லூயிஸ் ஹைன் 1911-இல் எடுத்த புகைப்படங்கள் இன்றும் நெஞ்சை அறுக்கின்றன. அந்தக் கொடுமை ஒழிந்தது. ஆனால் பிரிக்கும் பணி ஒழிந்துவிடவில்லை, இயந்திரங்களுக்குக் கைமாறியது. இந்திய மின்நிலையக் கரியின் இயந்திரமயமாக்கலில் பெரும்பாலும் அந்தப் பணியே விடுபட்டுப்போகிறது என்பதுதான் இக்கட்டுரையின் குற்றச்சாட்டு.

விடுபட்டதற்கான விலையைக் கணக்கிடுவது எளிது. நாற்பது விழுக்காடு சாம்பல் உள்ள கரியை ஏற்றிய 4,000 டன் ரேக் ஒன்று 1,600 டன் சாம்பலையும் சுமந்து செல்கிறது. ஒடிசாவின் தால்சேரில் வெட்டிய கரி ரயிலில் பாராதீப் சென்று, கப்பலேறி எண்ணூரில் இறங்கி வடசென்னை அனல்மின் நிலையத்தில் எரிகிறது. அங்கிருந்து வெளியேறிய சாம்பல் கொசஸ்தலையாற்றுக் கழிமுகத்தை என்ன செய்தது என்பதை எண்ணூர் மீனவர்கள் நன்கறிவார்கள். தொலைதூர நிலையங்களுக்கு 34 விழுக்காட்டுக்கு மேல் சாம்பலுள்ள கரி போகக் கூடாது என்று 2014-இல் சுற்றுச்சூழல் அமைச்சகம் விதித்த கட்டுப்பாடு 2020 மே மாதம் விலக்கப்பட்டது. சட்டத்தின் அழுத்தம் தளர்ந்த பிறகு, சுரங்க வாயிலில் நடக்கும் பிரிப்பின் முக்கியத்துவம் கூடியிருக்கிறது.

சுரங்கத்துக்கும் இதில் இழப்பு உண்டு. 2012 முதல் கரியின் விலை வெப்பத்திறனைப் பொறுத்து 17 தரங்களாக நிர்ணயிக்கப்படுகிறது. தரத்துக்குத் தரம் இடைவெளி கிலோவுக்கு 300 கிலோகலோரிதான். 4,001 முதல் 4,300 வரையுள்ளது ஜி-11. விளிம்பில் நிற்கும் கரியோடு சிறிது கல் சேர்ந்தாலே அது ஒரு தரம் கீழே இறங்கிவிடும்.

சுரங்க வாயிலிலேயே கல்லைப் பிரிப்பதற்கு எதிர்வாதம் ஒன்று உண்டு. அதைப் புறந்தள்ள முடியாது. இந்தியாவில் பெரும்பாலும் கிடைக்கும் கோண்டுவானாக் கரியில் கனிமத்துகள்கள் கரியோடு நுணுக்கமாகப் பின்னிக் கிடக்கின்றன. எந்தச் சல்லடையும் அவற்றைப் பிரிக்காது. பிராட்ஃபோர்டு உருளை நொறுக்கி கரியைத் தூக்கிப் போட்டு உடைத்து, உடையாத கல்லை மறுமுனையில் தள்ளும். ஆனால் நம் களிப்பாறை பல இடங்களில் கரியைப்போலவே நொறுங்கிவிடும். உண்மைதான். ஆயினும் அந்த வாதம் உள்ளார்ந்த சாம்பலுக்கே பொருந்தும். வெளியிலிருந்து வந்து சேரும் கல்லுக்குப் பொருந்தாது. வெடிவைக்காமல் படுகையை அடுக்கடுக்காகச் சீவும் சர்ஃபேஸ் மைனர் எந்திரங்கள் ஒடிசாவின் மகாநதி கோல்ஃபீல்ட்ஸ் சுரங்கங்களில் நெடுங்காலமாக ஓடுகின்றன. கல் அடுக்கைத் தனியே சீவி ஒதுக்க அவற்றால் முடியும். கரியும் வேண்டிய அளவிலேயே வெட்டப்பட்டு வருகிறது.

வெடிவைத்தே தோண்டும் இடங்களில் கிரஷருக்கு முன்னால் சல்லடை வேண்டும். ஏற்கெனவே சிறிதாக உள்ள கரி விலகிச் சென்றால் கிரஷரின் சுமையும், வீணாகும் பொடியும், தூசியும் குறையும். எஞ்சும் பெருந்துண்டுகளின் ஓட்டத்தில் எக்ஸ்-கதிர் கொண்டு கல்லை இனங்காணும் உலர்முறைப் பிரிப்பான்களைப் பொருத்தலாம். தரப் பரிசோதனைக்கான மாதிரியையும் வேகனின் மேற்பரப்பிலிருந்து அள்ளாமல், ஓடும் பெல்ட்டின் முழுக் குறுக்குவெட்டிலிருந்து தானியங்கிக் கருவி எடுக்க வேண்டும். மேலே கிடக்கும் கரி அடியில் இருப்பதற்குச் சாட்சி சொல்லாது.

சல்லடைக்கு உண்மையான சோதனை மழைக்காலம். களிமண் கலந்த ஈரப்பொடி துளைகளை அடைத்துக்கொள்ளும். அப்போது சல்லடையைத் தவிர்த்துவிட்டுக் கரியை நேரே அனுப்பிவிடும் சபலம் எந்தப் பொறுப்பாளருக்கும் வரும். இழுபட்டும் தளர்ந்தும் ஒட்டியதை உதறும் பாலியூரித்தேன் பாய்கள் கொண்ட சல்லடைகள் இதற்கென்றே உருவானவை. விலை கூடினாலும் அவற்றையே தேர்ந்தெடுக்க வேண்டும். ஒப்பந்தங்களிலும் ஒரு மாற்றம் தேவை. மணிக்கு எத்தனை டன் என்பதோடு, உள்ளே வந்த கல்லில் எவ்வளவு வெளியேற்றப்பட்டது என்பதையும் திறன் உத்தரவாதமாக எழுத வேண்டும். அந்தச் சோதனையோட்டத்தைக் காய்ந்த மார்ச் மாதத்துக் கரியில் நடத்தி ஒப்புதல் தராமல், ஜூலை, ஆகஸ்ட் மாதங்களின் நனைந்த கரியில் நடத்திய பிறகே ஒப்பந்ததாரருக்கு இறுதித் தவணையை விடுவிக்க வேண்டும்.