ஒரு ஜீன், ஒரு ஃப்ரீஸர்

1986-ல் லாஸ் ஏஞ்சலஸில், கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஒருவர் உரையாற்ற வந்தார். பெயர் ஆக்ஸல் உல்ரிச். ஜெனென்டெக் என்ற பயோடெக் கம்பெனியில் வேலை பார்த்த ஜெர்மன் விஞ்ஞானி. அவர் கையில் ஹெர்-2 என்றொரு ஜீன் இருந்தது. அது எந்த மனிதப் புற்றுநோயில் வேலை காட்டுகிறது என்பதுதான் தெரியவில்லை. கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் டென்னிஸ் ஸ்லாமன், புற்றுநோய் மருத்துவர். அவரிடம் ஜீன் எதுவும் இல்லை. ஆபரேஷனில் எடுத்த கட்டிகளைச் சேர்த்துவைத்த ஃப்ரீஸர் இருந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் என்ன?

பார்த்தார்கள். 1987-ல் 'சயின்ஸ்' இதழில் முடிவு வந்தது. 189 மார்பகக் கட்டிகளில் சுமார் 30 சதவீதத்தில் இந்த ஜீனின் பிரதிகள் எக்கச்சக்கமாகப் பெருகியிருந்தன. சிலவற்றில் 20 மடங்குக்கும் மேல். பிரதிகள் கூடக் கூட நோய் சீக்கிரம் திரும்பியது, ஆயுளும் குறைந்தது.

இந்த ஜீன் உருவாக்கும் புரதம் செல்லின் வெளிப்பரப்பில் இருக்கிறது. வளரச் சொல்லும் சமிக்ஞையை உள்ளே அனுப்புவது அதன் வேலை. வெளியே இருப்பதால் ஒரு வசதி: ஆன்டிபாடி போய் அதைப் பிடித்துக்கொள்ள முடியும். கிருமியை அடையாளம் கண்டு ஒட்டிக்கொள்ள நம் உடம்பு செய்யும் புரதம்தானே ஆன்டிபாடி! இதற்கான ஆன்டிபாடி எலியில்தான் முதலில் தயாரானது. ஆனால் எலியின் புரதத்தை மனித உடம்பு அந்நியமாகப் பார்த்து எதிர்க்கும். அதனால் இலக்கைப் பிடிக்கும் நுனியை மட்டும் எலியிடமிருந்து வைத்துக்கொண்டு, மற்றதை மனித ஆன்டிபாடியாக மாற்றினார்கள். 1992-ல் அது கைகூடியது. பின்னாளில் ஹெர்செப்டின் என்ற பெயரில் விற்பனைக்கு வந்த மருந்து இதுதான்.

கம்பெனிக்குள் அப்போது புற்றுநோய் மருந்தில் பெரிய ஆர்வம் இல்லை. உல்ரிச் வெளியேறி ஜெர்மனிக்குப் போய்விட்டார். ஸ்லாமன் விடவில்லை, நச்சரித்துக்கொண்டே இருந்தார்.

வெளியே இன்னொரு சண்டை நடந்தது. மருந்து சோதனையில் மட்டும்தான் கிடைத்தது. சோதனையில் இடம் கிடைக்காதவர்களுக்கு வழியே இல்லை. இந்த நோய் வந்த ஒரு பெண் மருத்துவர் கேட்டும் கிடைக்காமல் 1994-ல் இறந்தார். அந்த டிசம்பரில் போராட்டக்காரர்கள் கார்களில் சவ ஊர்வலம் போலக் கம்பெனி வளாகத்துக்குள்ளேயே நுழைந்தார்கள். பிறகு சோதனைக்கு வெளியே இருந்த சிலருக்கும் மருந்து தரக் கம்பெனி சம்மதித்தது. யாருக்கு என்று தீர்மானித்தது குலுக்கல். உயிரைக் குலுக்கிப் போட்டு எடுப்பது!

469 பெண்கள் கலந்துகொண்ட பெரிய சோதனை நடந்தது. பரவிவிட்ட நோயில், கீமோ மட்டும் எடுத்தவர்களில் பாதிப்பேர் 20.3 மாதங்களைத் தாண்டினார்கள். ஹெர்செப்டினும் சேர்ந்தபோது அது 25.1 மாதம். 1998 செப்டம்பரில் அமெரிக்க அனுமதி கிடைத்தது. 'இவ்வளவுதானா?' என்று கேட்கலாம். சில கீமோ மருந்துகளோடு சேர்ந்தபோது இதயத்தையும் அது பலவீனப்படுத்தியது. ஆனால் 2005-ல் ஆரம்பக் கட்ட நோயாளிகளிடம் நடந்த சோதனைகளின் முடிவுகள் வந்தபோது கதை மாறியது. ஆபரேஷனுக்குப் பிறகு இந்த மருந்தும் தந்தால் நோய் திரும்பும் அபாயம் கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்தது.

இது எப்படி வேலை செய்கிறது? சமிக்ஞையைத் தடுக்கிறது என்பது பதிலில் பாதிதான். 2000-ல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் எலிகளை வைத்து ஒரு சோதனை நடந்தது. ஆன்டிபாடியின் வால் பகுதியைப் பற்றிக்கொள்ளும் 'கைகள்' சில நோயெதிர்ப்பு செல்களுக்கு உண்டு. அந்தக் கைகள் இல்லாத எலிகளில் மருந்தின் பலன் வெகுவாகக் குறைந்துபோனது. ஆக, ஆன்டிபாடி தனியாகச் சண்டை போடவில்லை. புற்றுநோய் செல்லின் மீது உட்கார்ந்து, 'இதோ இருக்கிறான், வாங்க' என்று உடம்பின் படையையும் கூப்பிடுகிறது.

2015-ல் உலக சுகாதார நிறுவனம் இந்த மருந்தை அத்தியாவசியப் பட்டியலில் சேர்த்தது. 2019-ல் ஸ்லாமன், உல்ரிச், அவர்களோடு மைக்கேல் ஷெப்பர்ட் மூவருக்கும் லாஸ்கர் விருது. விருதுப் பட்டியலில் மூன்று பெயர்கள்தான் இருக்கும். மருந்து வருமா வராதா என்று தெரியாமலே சோதனைக்குக் கை நீட்டிய 469 பெண்களையும், குலுக்கலில் பெயர் வராமல் போனவர்களையும் எந்தப் பட்டியலில் சேர்ப்பது?