சுவரையும் எழுதுங்கள்



எங்கள் பங்கின் வரலாற்றை ஜூபிலி மலருக்காகத் தொகுக்கும் பணியை ஐந்து தன்னார்வலர்கள் ஏற்றிருக்கிறார்கள். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் அவர்களை வழிநடத்துகிறார். பழைய பதிவேடுகளைப் பக்கம் பக்கமாகப் படம் எடுக்கிறார்கள். இலத்தீன் குறிப்புகளுக்கு என்னிடம் பொருள் கேட்கிறார்கள். மாலையானால் முதியவர்களின் திண்ணைக்குப் போய்விடுகிறார்கள்.

பங்குப் பதிவேடு நேற்று வந்த வழக்கம் அல்ல. திருமணங்களைப் பங்குத்தந்தை ஏட்டில் பதிய வேண்டும் என்று 1563-இல் திரிதெந்து பொதுச்சங்கம் கட்டளையிட்டது. 1614-இல் வெளிவந்த உரோமைத் திருச்சடங்கு நூல் திருமுழுக்கு, உறுதிபூசுதல், திருமணம், குடும்ப நிலை, இறப்பு என ஐந்து ஏடுகளை வகுத்தது. பழைய ஏடுகளைக் கவனமாகப் பேண வேண்டும் என்கிறது 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம், எண் 535. வேறெந்தச் சரித்திரத்திலும் இடம் கிடைக்காத ஏழையின் பெயர் இந்த ஏடுகளில் இருக்கிறது.

ஒருநாள் அவர்கள் கல்லறைத் தோட்டத்துக்குப் போனார்கள். நடுவே ஓர் இடிந்த குட்டைச் சுவர். "அந்தப் பக்கம் யாரைப் புதைத்தார்கள்?" என்று கேட்டபோது, ஒரு பாட்டி தலையைக் குனிந்துகொண்டார். பிறகு சொன்னார். சாதி பார்த்துப் பிரித்த சுவர் அது.

குழுவிலிருந்த கல்லூரி மாணவி என்னிடம் வந்தாள். "ஃபாதர், இதை மலரில் போடலாமா?" தலைமையாசிரியர் முந்திக்கொண்டார்: "வேண்டாம்மா. ஜூபிலி நேரத்தில் பழைய புண்ணை ஏன் கிளற வேண்டும்?" நானும் அன்று பதில் சொல்லாமல் நழுவிவிட்டேன். இன்று சொல்கிறேன்.

வடக்கன்குளத்தை நினைத்துப் பாருங்கள். மறைசாட்சி புனித தேவசகாயம் 1745-இல் திருமுழுக்குப் பெற்ற ஊர் அது. சாதி பாராமல் எல்லாரோடும் பழகிய அவர் 1752-இல் ஆரல்வாய்மொழிக் காட்டாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். அதே வடக்கன்குளத்தில், அவர் இறந்து நூறாண்டுக்கும் மேலான பிறகு, ஒரே பீடத்தை நோக்கி இரண்டு தனித்தனிக் கூடங்களோடு ஓர் ஆலயம் எழுந்தது. சாதிக்கு ஒரு பக்கம், நடுவே சுவர். 1910-இல் அருள்தந்தை கௌசானல் அந்தச் சுவரை அகற்றினார். எதிர்ப்பு எழுந்தது, வழக்கு நீதிமன்றம்வரை சென்றது. ஆனாலும் சுவர் திரும்ப எழவில்லை.

வடக்கன்குளத்தின் வரலாற்றை எழுதுபவர் திருமுழுக்கை மட்டும் எழுதிச் சுவரை விட்டுவிட்டால் என்ன ஆகும்? சுவர் விழுந்த கதையையும் எழுத முடியாது. பாவத்தை மறைத்தால் மனமாற்றமும் சேர்ந்தே மறைந்துபோகும். இறைவன் எங்கிருந்து நம்மைத் தூக்கினார் என்பது பேரப்பிள்ளைகளுக்குத் தெரியாமலே போகும்.

மத்தேயு ஆண்டவரின் வம்சவரலாற்றை எழுதும்போது தாமாரை விடவில்லை, இராகாபை விடவில்லை. உரியாவின் மனைவியைப் பற்றிச் சொல்லி, தாவீதின் பாவத்தையும் நமக்கு நினைவூட்டுகிறார். லூக்காவோ, எல்லாவற்றையும் தொடக்கத்திலிருந்து நுணுகி ஆய்ந்த பிறகே எழுதத் துணிந்தார். நம் தன்னார்வலர்கள் செய்வதும் அதே வேலைதான்.

ஆகவே, அன்பர்களே, மூன்று வேண்டுகோள்கள். முதியவர்களிடம் இந்த வாரமே பேசுங்கள். யார் சொன்னது, என்று சொன்னது என்பதையும் குறித்துவையுங்கள். பதிவேடுகளை வீட்டுக்கு எடுத்துச் செல்லாதீர்கள். ஒரு தனிமனிதரின் பிறப்பையோ குடும்பத்தையோ தலைகுனிய வைக்கும் செய்தியை அச்சில் ஏற்றாதீர்கள். ஊர் சேர்ந்து செய்த தவறை ஊர் சேர்ந்து ஒப்புக்கொள்ளலாம். ஒருவருடைய இரகசியம் அவருக்கே உரியது.

அந்த மகளுக்கு என் பதில் இதுதான்: எழுது, அம்மா. சுவரையும் எழுது. அந்தப் பக்கத்தில் புதைக்கப்பட்டவர்களின் பெயர்களை இறப்புப் பதிவேட்டில் தேடி எடு. நூற்றாண்டுத் திருப்பலியில் அந்தப் பெயர்களைப் பீடத்தின் முன் நானே வாசிப்பேன்.

நம் முன்னோர் அனைவருக்கும் இறைவன் நித்திய இளைப்பாற்றியை அருள்வாராக. ஆமென்.