சுருட்டுக்கு எதற்கு அட்டை?

1887-இல் வெளியான முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் நாவலில், கொலை நடந்த அறையின் தரையில் சிந்திக் கிடந்த சாம்பலைப் பார்த்தே, அது திருச்சிச் சுருட்டு என்று சொல்லிவிடுகிறார் ஹோம்ஸ். கருநிறம், செதில் செதிலான சாம்பல், அவருக்கு அது போதும். திண்டுக்கல் பக்கத்துப் புகையிலை உறையூரில் சுருட்டாகி, மரப்பெட்டியில் அடுக்கப்பட்டுக் கப்பலேறிய காலம் அது.

அப்போது அமெரிக்க சிகரெட் கம்பெனிகளுக்கு வேறு தலைவலி. காகிதப் பொட்டலத்தில் சிகரெட் நசுங்கியது. முட்டுக் கொடுக்க ஓர் அட்டையைச் செருகினார்கள். அட்டை சும்மா இருப்பானேன்? நடிகைகள், பேஸ்பால் ஆட்டக்காரர்கள் என்று படம் போட்டார்கள். இங்கிலாந்தின் வில்ஸ் கம்பெனி 1896-இல் கிரிக்கெட் வீரர்களையே ஒரு வரிசையாக வெளியிட்டது. சுருட்டுக்கு இந்த முட்டு வேண்டியிருக்கவில்லை, பெட்டியே கெட்டி. சேகரிப்பாளர்களின் ஆல்பத்தில் திருச்சிக்கு இடமில்லாமல் போனதற்கு இதுதான் காரணம் என்பது என் கணிப்பு. மூக்குப்பொடியின் கதை இன்னும் மோசம். காய்ந்த வாழைப்பட்டையில் மடித்த பொடி மட்டையை யார் பத்திரப்படுத்தினார்கள்?

ஆனால் நம் பையன்கள் சேர்க்கத்தான் செய்தார்கள். காலி சிகரெட் பெட்டியைக் கிழித்து அட்டையாக்கி, வட்டத்துக்குள் வைத்து, சில்லாக்கால் அடித்து வெளியே தள்ளினால் அட்டை நமக்கு. ஸ்ரீரங்கத்துச் சித்திரை வீதியானாலும் உறையூர்ச் சந்தானாலும், தெருவெல்லாம் இறைந்து கிடக்கும் சார்மினார் சிகரெட் அட்டைக்கு மதிப்புக் கம்மி, எப்போதாவது அகப்படும் வெளிநாட்டு அட்டைக்கு ஏக கிராக்கி.

அட்டைக்கு மதிப்புப் போடும் இந்த வேலையை அமெரிக்காவில் கம்பெனி வைத்தே செய்கிறார்கள். மூலை மழுங்கியிருக்கிறதா, விளிம்பு நைந்திருக்கிறதா, படம் நடுவில் விழுந்திருக்கிறதா என்று பார்த்து, பத்துக்கு மதிப்பெண் போட்டு, பிளாஸ்டிக் உறையில் அடைத்துவிடுவார்கள். 1909 முதல் 1911 வரை வந்த 'டி206' என்ற சிகரெட் அட்டை வரிசையில் பேஸ்பால் ஆட்டக்காரர் ஹோனஸ் வாக்னரின் அட்டை பாதியில் நின்றுபோனது. தன் படத்துக்காகப் பிள்ளைகள் புகையிலை வாங்கக் கூடாது என்று அவர் தடுத்ததாக ஒரு கதை. பணத் தகராறு என்று இன்னொரு கதை. மிஞ்சியவை சில டஜன்தான். 2022-இல் ஒன்று 72.5 லட்சம் டாலருக்குக் கைமாறியது. அது வாங்கிய மதிப்பெண் பத்துக்கு 2! பத்துக்கு 8 வாங்கிப் பேர்பெற்ற இன்னொரு வாக்னரோ, ஓரம் வெட்டிச் சீராக்கப்பட்டது. வெட்டியது தாம்தான் என்று ஏலக்காரர் பில் மாஸ்ட்ரோ 2013-இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார்.

திருச்சிக்காரர்கள் தேட வேண்டியது பழைய சுருட்டுப்பெட்டியின் மூடியில் ஒட்டிய லேபிளை. பரணில் அகப்பட்டால் தண்ணீரில் ஊறப்போட்டு உரிக்க ஆசைப்படாதீர்கள். காகிதம் பிசிறிவிடும். பெட்டியோடு இருந்தால்தான் எந்தக் கம்பெனிச் சரக்கு என்பதற்குச் சாட்சியும் மிஞ்சும்.

(தொடரும்)