ஈப்போவின் உணவு வரலாற்றில் நம் பக்கம்



பள்ளி விடுமுறை தொடங்கியதும் ஈப்போ நகரில் வெளியூர் வாகனங்கள் நிறைந்துவிடுகின்றன. பழைய நகரின் வெள்ளைக் காப்பியையும் தவ்கேயுடன் பரிமாறப்படும் கோழிச் சோற்றையும் தேடி மக்கள் வருகின்றனர். எங்கே உண்பது, எங்கே பருகுவது எனக் கூறும் பட்டியல்களும் ஏராளம். அவற்றுள் தமிழருக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஓரிரு வரிகளே. இந்நகரின் சுவைக்கு நம் முன்னோர் அளித்த பங்கை நம் பிள்ளைகள் அறிய வேண்டும் என்பதற்காகவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

பேராக்கில் வாழும் தமிழர் பலருடைய குடும்ப வரலாறு இரப்பர்த் தோட்டத்தில் தொடங்குகிறது. விடியுமுன் பெரட்டுக்குச் செல்ல வேண்டும். அதற்கு முன் வயிற்றுக்குக் கிடைத்தது பழைய சோறும் பாலில்லாக் காப்பியும்தான். சப்பானியர் ஆட்சியில் (1941–1945) அரிசி அரிதானபோது மரவள்ளிக்கிழங்கே உயிர் காத்தது. இன்று அதைச் சிற்றுண்டியாக உண்ணும் பிள்ளைக்கு, ஒரு காலத்தில் அதுவே முழு உணவாக இருந்தது என்பதைச் சொல்லித்தர வேண்டாமா?

குடிப்பதற்கும் தோட்டத்தில் ஓர் இடம் இருந்தது. அதுதான் கள்ளுக்கடை. பகல் முழுதும் உழைத்துப் பெற்ற கூலியின் ஒரு பகுதி மாலையில் அங்கேயே கரைந்தது. இதன் கேட்டினைத் தொழிலாளர்களே உணர்ந்திருந்தனர். 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலை நிறுத்தம் செய்தோர், கூலி உயர்வோடு கள்ளுக்கடைகளை மூடவேண்டும் என்றும் கோரினர். ஈப்போவிலோ, 1906-இல் ஹைனான் சீனர் ஒருவர் தொடங்கிய எப்.எம்.எஸ். மதுக்கூடம் துரைமார்களும் ஈயச் சுரங்க முதலாளிகளும் கூடும் இடமாக விளங்கியது. மதுக்கூடம் இன்று நகரின் பெருமைகளுள் ஒன்றாக எண்ணப்படுகிறது. கள்ளுக்கடை இருந்த இடத்தைக் காட்டும் பலகை கூட இல்லை.

இனி, புந்தோங்கிற்கு வருவோம். இந்தியர் மிகுதியாக வாழும் இப்பகுதியில்தான் 'கம்போங் கச்சாங் பூத்தே' உள்ளது. 'கச்சாங் பூத்தே' என்னும் மலாய்ச் சொல்லுக்கு 'வெள்ளைக் கடலை' என்பது பொருள். நாளடைவில் கொண்டைக்கடலை, நிலக்கடலை, பட்டாணி, முறுக்கு, ஓமப்பொடி, பக்கோடா என அனைத்திற்கும் அதுவே பொதுப்பெயராயிற்று. இத்தொழிலை இங்கு வேரூன்றச் செய்த குடும்பங்கள் தமிழ்நாட்டின் எட்டயபுரம் வட்டாரத்திலிருந்து வந்தவை. பாரதியார் பிறந்த அதே ஊர்தான்!

வீட்டிலேயே மாவு பிசைந்து, பிழிந்து, பொரித்து, தட்டில் அடுக்கித் தலையில் சுமந்து சென்றனர். பின்னர் மிதிவண்டியும் மோட்டார் சைக்கிளும் வந்தன. திரையரங்க வாசலிலும் பள்ளி வாசலிலும், பழைய தாளைக் கூம்பாகச் சுருட்டி, கடலையை நிரப்பி விற்றனர். வாங்கியவர்களுள் மலாய்க்காரரும் சீனரும் தமிழரும் இருந்தனர். மூவினமும் ஒரே தட்டிலிருந்து வாங்கி உண்ட பண்டம் இது. இதைவிடச் சிறந்த ஒற்றுமைப் பாடம் நம் பாடநூலில் உண்டோ?

இத்தொழில் ஓர் அடைக்கலமாகவும் இருந்தது. 1950-களில் ஆங்கிலேய முதலாளிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்கத் தொடங்கியபோது, பல குடும்பங்கள் வேலையையும் வீட்டையும் ஒருசேர இழந்தன. இந்நிலையை எதிர்கொள்ளவே, சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். பின்னர்ச் செம்பனையும் வீடமைப்புத் திட்டங்களும் பால்மரக் காடுகளை விழுங்கின. 1985-இல் ஈய விலையும் சரிந்தது. தோட்டத்தையும் சுரங்கத்தையும் நம்பியிருந்தோர் தடுமாறிய காலங்களில், சொந்தக் கையையும் எண்ணெய்ச் சட்டியையும் நம்பியோர் பிறரிடம் கைகட்டி நிற்காமல் பிழைத்தனர்.

ஆயினும், 'கச்சாங் பூத்தே விற்பவன்' என்பது நம் பிள்ளைகள் மீது வீசப்பட்ட ஏளனச் சொல்லாகவும் இருந்தது. வேதனை என்னவெனில், நம்மவருள் சிலரும் அதை அப்படியே ஏற்றுக்கொண்டனர். "படிக்காவிட்டால் கடலை விற்கத்தான் போவாய்" என்று பிள்ளையை அதட்டும் பெற்றோரை நானும் கண்டிருக்கிறேன். அந்தக் கடலை விற்ற காசில் கல்வி பெற்று உயர்ந்தோர் எத்தனை பேர்! கல்வியின் பெருமையைச் சொல்ல உழைப்பைத் தாழ்த்த வேண்டியதில்லை.

ஆகவே, அடுத்த விடுமுறையில் ஈப்போவிற்கு வந்தால், வெள்ளைக் காப்பியைப் பருகுங்கள். பிள்ளைகளைப் புந்தோங்கிற்கும் அழைத்துச் செல்லுங்கள். முறுக்கு வாங்கும்போது, அதைப் பிழியும் கைகளையும் அவர்கள் பார்க்கட்டும். ஆசிரியர்களே, "தாத்தா பாட்டி தோட்டத்தில் என்ன உண்டார்கள்?" என்று மாணவர்களைக் கேட்டு எழுதிவரச் சொல்லுங்கள். ஒரு பக்கம் போதும். தோட்டத்தில் வாழ்ந்த தலைமுறை நம்மோடு இருக்கும்போதே அதைச் செய்துவிட வேண்டும்.

உங்கள் குடும்பத்துத் தோட்டத்து உணவு எதுவெனத் தெரிவித்தால் மகிழ்வேன்.