புகையிலையும் செம்மண்ணும்

கோப்பாய் முதலிய செம்மண் ஊர்கள் நெடுங்காலம் புகையிலையால் வாழ்ந்தவை. ஒல்லாந்தர் காலத்திலேயே யாழ்ப்பாணப் புகையிலை திருவிதாங்கூருக்குக் கப்பலேறியது.

2020ஆம் ஆண்டுக்குள் இப்பயிர்ச்செய்கை நிறுத்தப்படும் என இலங்கை அரசு அறிவித்தபோது கலங்கியவர் கமக்காரர் மட்டுமல்லர். தோட்டத்திலே ஆட்டுப்பட்டி அடைப்போரும், இலையைப் புகைபோட்டுப் பதப்படுத்துவோரும், கொட்டிலிலே சுருட்டுச் சுற்றுவோரும் அதனையே நம்பியிருந்தனர். புகையிலைக்கு இட்ட குழையும் எருவுமே அடுத்து நட்ட பயிரையும் ஊட்டின. அவ்வாண்டு கடந்தும் பயிர் நின்றபாடில்லை.

மாற்றுப் பயிர் இல்லையா? உண்டு. 1970க்குப் பின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது வெங்காயமும் மிளகாயும் குடும்பங்களை உயர்த்தின. 1977இல் இறக்குமதி திறந்துவிடப்பட, அவற்றின் விலை வீழ்ந்தது.

புகையிலை உடலைக் கெடுப்பது மெய். ஆயினும் ஒரு பயிரை விலக்கும் சட்டம் மற்றொன்றின் விலைக்குக் காவலாதல் வேண்டும். இன்றேல் நோய் நீங்குமுன் வறுமை புகும்.